கத்தக் கூடாத முட்டைகள்

ஒரு முட்டை குஞ்சாவதற்கு மூன்று பொருள்கள் தேவை: வெப்பம், ஈரம், அனுமதி. முதல் இரண்டும் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் முட்டை பொறுத்துக்கொள்ளும். மூன்றாவது இல்லாவிட்டால், முட்டை பொறுத்தாலும் அலுவலகம் பொறுக்காது.

இந்த உண்மை அந்தத் தெருவுக்குத் தெரிய வந்தது காடை மோகம் பிடித்த வருஷத்தில்தான். அதற்கு முந்தின வருஷம் எல்லாரும் கண்ணாடிச் சீசாவுக்குள் பாசி வளர்த்தார்கள். அதற்கும் முந்தின வருஷம் செருப்பைத் தூக்கி எறிந்துவிட்டு வெறுங்காலோடு நடந்தார்கள். இந்த வருஷம், வீட்டிலேயே காடை முட்டை பொரித்தால் மனம் அமைதியடையும் என்று யாரோ ஒரு நிபுணர் சொல்லிவிட்டார். அவர் வீட்டில் காடை இருக்கிறதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஒரே வாரத்தில் வீட்டுக்கு வீடு ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு பல்பு, பல்புக்குக் கீழே புள்ளி போட்ட முட்டைகள். மாடி வீட்டுக்காரம்மா பெட்டிக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்து முட்டைகளோடு சேர்ந்து மூச்சு விட்டார். முட்டை மூச்சு விடும் என்பது உண்மைதான். ஆனால் இவ்வளவு சத்தமாக விடாது.

ஜனங்கள் ஒரு காரியத்தைத் தாங்களாகவே, சந்தோஷமாக, யாரையும் கேட்காமல் செய்தால் அதை உடனே ஒழுங்குபடுத்தியாக வேண்டும். நிர்வாகத்தின் அரிச்சுவடி இது. ஆகவே 'இல்லப் பொரிப்பு ஒழுங்காற்றுப் பிரிவு' என்று ஒன்று உதயமானது. அதற்கு ஓர் அலுவலர், ஓர் ஆய்வாளர், ஒரு விதிப்புத்தகம், ஒரு கிலோ அரக்கு ஆகியவை வழங்கப்பட்டன. விதிப்புத்தகத்தின் முதல் வரி: 'முட்டை என்பது கோழி முட்டையையும், கோழி முட்டையாகக் கருதத்தக்க பிற அனைத்து முட்டைகளையும் குறிக்கும்.' இந்த ஒரே வரியில் காடை, வாத்து, ஆமை எல்லாம் கோழியாகிவிட்டன. கோழி முட்டை பொரிய இருபத்தொரு நாள். எனவே எல்லா முட்டைக்கும் இருபத்தொரு நாள். கடைசி மூன்று நாள் பெட்டியின் மூடியைத் திறக்கக் கூடாது என்று விவரம் தெரிந்த யாரோ குழுவிடம் சொல்லியிருக்கிறார். குழு எதற்கும் இருக்கட்டும் என்று அதை ஏழு நாளாக்கியது. ஜனங்களை நம்ப முடியாது என்பதால் மூடியில் நூல் கட்டி அரக்கு வைக்கவும் தீர்மானித்தது.

கீழ்வீட்டில் குடியிருந்தவர் பழைய சாமான் கடைக்காரர். சந்தையில் அவரை எல்லாரும் அரைவிலை என்றுதான் கூப்பிட்டார்கள். யார் எதைச் சொன்னாலும் பாதியில்தான் ஆரம்பிப்பார். ஒரு தடவை பல் மருத்துவர் இரண்டு பல்லை எடுக்க வேண்டும் என்றார். இவர் பேசிப் பேசி ஒன்றில் முடித்துவிட்டு வந்தார். மற்றது இன்னும் வலிக்கிறது, அது வேறு விஷயம். பள்ளிக்கூடத்தில் கற்றது கொஞ்சம், பட்டுக் கற்றது மிச்சம். கோபம் மட்டும் எப்போதும் முழுவிலை.

அவர் வீட்டில் முட்டை வைத்தது மோகத்தால் அல்ல, மனைவிக்காக. பிள்ளைகள் இரண்டு பேரும் வேலைக்கென்று வெளியூர் போன பிறகு வீட்டில் மிஞ்சிய ஒரே சத்தம் குழாய் சொட்டும் சத்தம். அதையும் அவர் ஒரு நாள் ரிப்பேர் செய்துவிட்டார். அந்தம்மாளுக்கு வீட்டுக்குள் ஏதாவது ஒன்று கத்திக்கொண்டிருக்க வேண்டும். முதல் தடவை வைத்த முட்டைகள், தெர்மாமீட்டர் பொய் சொன்னதில் வெந்துபோயின. இரண்டாம் தடவை வைத்தவை, கரன்ட் போய்க் குளிர்ந்துபோயின.

"இதுதான் கடைசி. இதுவும் போச்சுன்னா இனிமே நான் உங்ககிட்ட எதுவும் கேக்க மாட்டேன்," என்றாள்.

மனைவி கேட்பது கணவனுக்குக் கஷ்டம். கேட்க மாட்டேன் என்பது கண்டம். அரைவிலை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பேரம் பேசவில்லை. கடையில் செத்துக் கிடந்த சின்ன ஃபிரிட்ஜ் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆயுசு முழுக்கக் குளிரிலேயே கிடந்த பெட்டி கடைசிக் காலத்தில் சூடு கண்டது. உள்ளே பல்பு, பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய சின்னக் காற்றாடி, முன்பக்கம் பார்க்க ஒரு கண்ணாடிச் சில்லு, ஈரத்துக்கு ஒரு தண்ணீர்க் கிண்ணம், வெளியிலிருந்தே அதில் தண்ணீர் ஊற்ற ஒரு ரப்பர் குழாய். முப்பத்தேழரை டிகிரியில் முள் நின்றது. இருபத்துநாலு முட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். காலை, மத்தியானம், சாயங்காலம் என்று அவள் திருப்பித் திருப்பி வைத்தாள்.

பதினாலாம் நாள் திங்கட்கிழமை ஆய்வாளர் வந்தார். தெருமுனையிலிருந்து வீடு வீடாக அரக்கு வைத்துக்கொண்டு வந்ததில் அவர் விரல் பத்தும் சிவந்திருந்தன. பெட்டியை இரண்டு சுற்றுச் சுற்றினார். நூலைக் கட்டினார். மெழுகுவத்தியைக் கொளுத்தினார்.

"இருபத்தொண்ணாம் நாள் நானே வந்து பிரிப்பேன். அதுவரைக்கும் மூடியில கை வைக்கக் கூடாது."

"சார், இது காடை. பதினேழு பதினெட்டுல வந்துரும்," என்றாள் மனைவி.

"வராதும்மா."

"வந்துருச்சுன்னா?"

"வரக் கூடாதும்மா."

அரைவிலை தொண்டையைச் செருமினார். "சரி சார். உங்களுக்கும் வேண்டாம், எங்களுக்கும் வேண்டாம். நடுவுல பத்தொன்பதுன்னு முடிச்சிருவோம்."

"ஐயா, நான் அரக்கு வைக்கிறவன். நாள் வைக்கிறவர் ஆபீஸ்ல இருக்கார்." ஆய்வாளர் ஒரு நோட்டை நீட்டினார். "இது திருப்புகைப் பதிவேடு. பதினெட்டாம் நாள் வரைக்கும் முட்டைய நாளைக்கு மூணு தடவை திருப்பி இதுல எழுதணும்."

"மூடியத் திறக்காம எப்படி சார் திருப்புறது?"

ஆய்வாளர் யோசித்தார். யோசிப்பது அவருடைய பணி விவரத்தில் இல்லை என்பதால் கொஞ்சம் நேரமானது. "பெட்டியோட திருப்புங்க."

"நூலை அறுத்தா என்ன பண்ணுவீங்க?" என்றார் அரைவிலை.

"உள்ள இருக்கறது எல்லாத்தையும் அழிச்சிருவோம். அது முட்டையா இருந்தாலும் சரி, வேற எதுவா இருந்தாலும் சரி."

அவர் போன பிறகு அந்தம்மாள் பதிவேட்டைப் பிரித்து, 'திருப்பப்பட்டது, திருப்பப்பட்டது, திருப்பப்பட்டது' என்று மொத்த நாளுக்கும் ஒரே மூச்சில் எழுதி மூடினாள். காடை முட்டையைக் கடைசி மூன்று நாள் திருப்பக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். ரப்பர் குழாயில் மட்டும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தாள். குழாய்க்கு அரக்கு வைக்க ஆய்வாளர் மறந்திருந்தார். மறதி மட்டும் இல்லையென்றால் இந்த நாட்டில் ஒரு ஜீவனும் பிழைக்க முடியாது.

வியாழக்கிழமை, பதினேழாம் நாள், காலைப் பாலைக் காய்ச்சும்போது பெட்டிக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், ஒரு முட்டையின் தலைமாட்டில் கடுகளவு ஓட்டை. மத்தியானத்துக்குள் ஓட்டை வட்டமாக ஓடி, மூடி திறந்த டப்பா மாதிரி ஓடு பிளந்து, நனைந்த பஞ்சு உருண்டை ஒன்று வெளியே விழுந்தது. கட்டை விரல் அளவுகூட இல்லை. விழுந்த கையோடு பக்கத்து முட்டையை ஒரு மிதி மிதித்தது. சாயங்காலத்துக்குள் ஐந்து குஞ்சு, வெள்ளிக்கிழமை விடியும்போது பதிமூன்று.

"பாருங்க, பாருங்க, அந்தக் கறுப்புப் பையன் எப்படி முறைக்கறான்," என்று அவள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. "ஏங்க, வயித்துல இருக்கற மஞ்சக்கரு ஒண்ணு ஒண்ணரை நாளைக்குத்தான் தாங்கும். நேத்து வந்தது இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் இருக்கும். திங்கக்கிழமை வரைக்கும் ஒண்ணும் இருக்காது."

அரைவிலை திருப்புளியை எடுத்தார்.

"நூலை அறுத்தா அழிச்சிருவான். அறுக்காட்டி அதுவாச் செத்துரும்," என்றாள் அவள். "திருப்புளிய வச்சிட்டு, வாய எடுத்துட்டுப் போங்க. சந்தைல அவ்வளவு பேசுறீங்களே, அங்க போய்ப் பேசுங்க."

பிரிவு அலுவலரின் மேஜையில் கண்ணாடி விரித்திருந்தது. கண்ணாடிக்கு அடியில் விடுமுறை நாள்களின் பட்டியல், வேறு ஒன்றுமில்லை. அலுவலர் நல்ல மனிதர். இருபத்தெட்டு வருஷ சேவையில் ஒருவருக்கும் கெடுதல் செய்ததில்லை. ஒன்றுமே செய்ததில்லை என்பதால் அது சுலபமாக இருந்தது.

"சார், முட்டை பொரிச்சிருச்சு. நூலைப் பிரிக்கணும்."

"எத்தனாவது நாள்?"

"பதினெட்டு."

"அப்ப பொரிக்கல."

"சார், பதிமூணு குஞ்சு உள்ள ஓடுது. சத்தம் கேளுங்க." அரைவிலை கைபேசியில் பிடித்து வைத்திருந்த கீச்சுக் குரலைப் போட்டுக் காட்டினார். அடுத்த மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அலுவலர் கவனமாகக் கேட்டார். "இது ஒலி. ஒலிக்கு நம்மகிட்ட படிவம் இல்ல. அதுவும் இல்லாம, முட்டைங்க கத்தக் கூடாது."

"முட்டை கத்தல சார், குஞ்சு கத்துது!"

"இருபத்தொண்ணாம் நாளுக்கு முன்னாடி உள்ள இருக்கறது முட்டை. அதுக்குக் காலு இருக்கலாம், மூக்கு இருக்கலாம், ஓடலாம், கத்தலாம். முட்டைதான்."

அரைவிலைக்கு மூக்கு நுனி சிவந்தது. மேஜையைத் தட்டலாம் என்று தோன்றியது. ஆனால் அவர் அனுபவஸ்தர். சரக்கு வைத்திருப்பவனைத் திட்டினால் சரக்கு வராது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, இருபத்தொண்ணுங்கிறது நீங்க சொல்ற விலை. பத்தரைக்குக் குடுங்க."

"என்னது?"

"பத்தரை நாள். பழகுன முகம்னு சொல்றேன்."

"பத்தரையா! என்ன அநியாயம்யா இது! எவனாவது குடுப்பானா?"

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

அலுவலர் இருபத்தெட்டு வருஷமாக 'முடியாது' என்று மட்டுமே சொல்லிப் பழகியவர். ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி யாரும் அவரைக் கேட்டதில்லை. வாய் தானாகத் திறந்தது. "இருபது."

"பன்னண்டு."

"இருபதுக்குக் கீழ எனக்குக் கட்டாது."

"பாருங்க சார், நான் எழுந்து போயிருவேன்." அரைவிலை எழுந்தே விட்டார்.

"அட இருங்கய்யா, அதுக்குள்ள என்ன அவசரம்? பத்தொம்பதரை."

அடுத்த மேஜைக்காரர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். அந்த அலுவலகத்தில் அவ்வளவு வேலை நடந்து அவர்கள் பார்த்ததே இல்லை. கால் மணி நேரத்தில் அலுவலர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பத்தொன்பதுக்கு இறங்கினார். அரைவிலை பதினேழிலிருந்து, போனால் போகிறது என்று, பத்தொன்பதுக்கு ஏறினார். இரண்டு பேரும் கை குலுக்கினார்கள்.

"அப்ப நாளைக்குக் காலைல ஆள் அனுப்புங்க சார்."

"நாளைக்கா? நாளைக்கு சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு." அலுவலர் மேஜைக் கண்ணாடியைக் காட்டினார். "லீவு நாள் கணக்குல சேராது. திங்கக்கிழமைதான் பத்தொம்பது." அப்புறம் பேனாவை எடுத்து எதையோ கூட்டிக் கழித்தார். முகம் மாறியது. "இருங்க, இருங்க. இடையில வந்த ரெண்டு சனி, ரெண்டு ஞாயிறும் சேராதே. அப்படிப் பாத்தா இன்னைக்குப் பதினெட்டு இல்ல. பதினாலு."

விலை குறைக்கப் போய் ஏற்றிக்கொண்டு வந்த கதையாகிவிட்டது. இன்னும் மூன்று நாள் பாக்கி என்று வந்தவர், ஐந்து நாள் பாக்கியில் நின்றார். வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள். அரைவிலைக்கு வேறு ஒன்று கண்ணில் பட்டது. தராசை ஒருத்தன் தன் பக்கம் சாய்க்கும்போதுதான் படிக்கல் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

"லீவு நாள் ஏன் சார் சேராது?"

"வேலை நடக்கலையே."

"வேலை நடந்தாத்தான் நாளா?"

"பின்ன?"

"ஒரு நாள்னா எத்தனை மணி நேர வேலை?"

"எட்டு." அலுவலகம் முழுக்க ஒரு சின்ன இருமல் எழுந்து அடங்கியது.

"என் பெட்டி ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை பாக்குது தெரியுமா? இருபத்துநாலு. டீ குடிக்கப் போறதில்ல. அப்ப அதுக்கு ஒரு நாள்ங்கிறது, மூணு நாள்."

அலுவலர் பேனாவை மேஜையில் வைத்தார். மறுபடி எடுத்தார். அவர் கண்ணில் ஓர் ஒளி வந்தது. இத்தனை வருஷ சேவையில் அவர் பெயரில் ஒரு விளக்கக் குறிப்புகூட வெளிவந்ததில்லை. "பதினாலு மூணு நாப்பத்திரெண்டு," என்று முணுமுணுத்தார். ஒளி அணைந்து பயம் வந்தது. "ஐயையோ! இருபத்தொரு நாள்ல பிரிக்க வேண்டிய பெட்டி! இருபத்தொரு நாள் தாமதம்! இது யாரு தலைல விழும்?"

"உங்க தலைல சார்," என்றார் அரைவிலை அன்போடு.

ஆய்வாளர் ஓட்டமும் நடையுமாக வந்தார். அந்தத் தெருவின் எல்லாப் பெட்டிகளும் அன்றே பிரிக்கப்பட்டன. அரைவிலை வீட்டு மூடியைத் திறக்கும்போது மணி மூன்று. பதிமூன்றில் பதினொன்று தள்ளாடித் தள்ளாடி எழுந்து நின்றன. முதலில் வந்த இரண்டு எழவில்லை. அந்தம்மாள் அவற்றை உள்ளங்கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். மற்றதுகளைப் பல்பு கட்டிய அட்டைப் பெட்டிக்கு மாற்றினாள். விழுந்து முழுகிவிடாமல் இருக்கத் தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டுகளைப் போட்டு, ஒவ்வொன்றின் மூக்கையும் ஒரு தடவை நனைத்துக் காட்டினாள். ஆய்வாளர் எழுதினார்: 'முட்டை இருபத்துநாலு. குஞ்சு பதினொன்று. பொரிய மறுத்தவை பதினொன்று. காத்திருக்க இயலாதவை இரண்டு.'

ஒரு வாரம் தெருவில் அரைவிலைக்கு ராஜ மரியாதை. "அண்ணே, நீங்க மட்டும் இல்லைன்னா எங்க குஞ்செல்லாம் போயிருக்கும்," என்றார் மாடி வீட்டுக்காரம்மா. அவருக்கு மன அமைதி போய் ஒரு வாரமாகிறது. பதினாறு குஞ்சுகள் விடிய விடியக் கத்தின. அரைவிலை வீட்டிலும் கத்தின. அவர் மனைவி அதைக் கேட்டுக்கொண்டே காய் நறுக்கினாள், சில சமயம் பதிலும் சொன்னாள்.

எட்டாம் நாள் ஒரு தாள் வந்தது. 'பல்பு எரியும் இடமெங்கும் ஒரு நாள் மூன்று நாளாகக் கொள்ளப்படும்' என்ற புகழ்பெற்ற விளக்கக் குறிப்பின்படி, காடைகள் முட்டையிடும் வயதான நாற்பத்தைந்து நாளை பதினைந்தாம் நாளிலேயே நிறைவு செய்கின்றன. எனவே அன்று முதல் ஒவ்வொரு வீடும் வாரம் ஒரு டஜன் முட்டையை அலுவலகத்தில் ஒப்படைத்து, பறவைகள் பயனுள்ளவை என்று நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காத வீட்டின் பறவைகள் பயனற்றவையாகக் கருதி எடுத்துச் செல்லப்படும்.

அரைவிலை தாளோடு ஓடினார்.

"சார், நான் சொன்னது முட்டைக்கு. குஞ்சு அப்படி வளராது சார்! அதுக்கு இன்னும் இறக்கையே சரியா முளைக்கல!"

"நீங்க சொன்ன கணக்குதானே?" அலுவலர் எழுந்து நின்று கை கொடுத்தார். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இப்போது விளக்கக் குறிப்பும் இருந்தது. "மேலிடத்துல ரொம்பப் பாராட்டினாங்க. வேற ஊர்லேருந்தெல்லாம் கேட்டு எழுதறாங்க."

"மூணு வேண்டாம் சார். ஒண்ணே கால்னு வைங்க. சரி, ஒண்ணரை."

"ஐயா, அன்னைக்குப் பேரம் பேசுறப்ப அது வெறும் நாள். இப்ப அது உத்தரவு."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் ஒன்றுதான் கெடும். இவர் வாயால் ஒரு தெருவே கெட்டது.

பதினைந்தாம் நாள் காலையில் அரைவிலை ஒரு பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சந்தையின் கடைசியில் இருக்கும் முட்டைக் கடைக்கு நடந்தார். அங்கே தெருவே வரிசையில் நின்றது. எல்லாருடைய அக்குளிலும் ஒரு பை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க முடியாத தூரத்தில் மாடி வீட்டுக்காரம்மா நின்றிருந்தார்.

"என்ன தங்கச்சி, காடை முட்டையா? உங்களுது போடலையா?"

"ஐயே, போடுது அண்ணே, நல்லாவே போடுது. இது சும்மா, அதுங்களுக்குக் காட்ட. மாதிரிக்கு. நீங்க?"

"நானும் மாதிரிக்குத்தான்."

முட்டைக் கடைக்காரர் விலையைச் சொன்னார். அரைவிலை வாயைத் திறந்தார். பின்னால் நாற்பது பேர் நிற்பதைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு கேட்டதைக் கொடுத்தார். அவருடைய வாழ்க்கையிலேயே முதல் தடவை. கடைக்காரருக்கே ஒரு மாதிரி ஆகி, ஒரு முட்டை கூடுதலாகப் போட்டார்.

அலுவலகத்தில் ஆய்வாளர் முட்டைகளை எண்ணி வாங்கினார். "பாத்தீங்களா, பதினஞ்சு நாள்ல போட்டுருச்சு. நீங்கதான் நம்பல," என்றார். வரிசையில் நின்ற எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் அலுவலக வாசலில் பலகை வைத்தார்கள்: 'காடை முட்டை உற்பத்தியில் முதலிடம்.' பதினைந்து நாளில் முட்டையிடும் அதிசயக் காடைகளைப் பார்க்கப் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தார்கள். தாங்களும் அப்படியே செய்யப் போவதாகச் சொல்லி, வாயைப் பிளந்துகொண்டு திரும்பிப் போனார்கள். தெருக்காரர்களுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அட்டைப் பெட்டிகளுக்குள் அதிசயக் காடைகள் அரைகுறை இறக்கையோடு ஒன்றன் மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருந்தன.

நாலாவது வாரம், அரைவிலை வாங்கி வந்த டஜனை மேஜையில் பரப்பிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்த மனைவி, ஒரு முட்டையைத் தனியாக எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள்.

"ஏங்க, இதைப் பாருங்க. உக்காந்திருக்கற நாய் மாதிரி ஒரு மச்சம். ரெண்டு காது, ஒரு வாலு."

"சரி, அதுக்கென்ன?"

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி நான்தான் இதை ஆபீஸ் கூடைல வச்சேன். காடை முட்டைல ஒரு புள்ளி மாதிரி இன்னொரு புள்ளி இருக்காது. இது அதேதான்."

அரைவிலை முட்டையை வாங்கிக் காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே சளப் சளப் என்றது. நேராகக் கடைக்குப் போனார்.

"எங்கேய்யா வாங்குற இந்த முட்டைய?"

"ஆபீஸ்லதான் அண்ணே, ஏலத்துல," என்றார் கடைக்காரர், ஒளிவுமறைவில்லாமல். "வாரா வாரம் அவ்வளவு முட்டை வருது, அவங்க எங்க வைப்பாங்க? நான் எடுத்துக்கறேன். நீங்க வாங்கிட்டுப் போறீங்க. அவங்ககிட்ட குடுக்கறீங்க. எல்லாருக்கும் நிம்மதி."

"அப்ப சாப்பிடறதுக்கு எவனும் வாங்குறதில்லையா?"

"இதையா? ஒடைச்சுராதீங்க அண்ணே, தெருவே எழுந்து ஓடணும்."

உற்பத்தியில் முதலிடம் பிடித்த ஊரில் ஒருவரும் ஒரு காடை முட்டையைத் தின்று ஒரு மாதமாகியிருந்தது. அரைவிலை கோபப்பட நினைத்தார். யார் மேல் படுவது என்று சுற்றிப் பார்த்தார். அலுவலர் பாராட்டு வாங்கிவிட்டார். கடைக்காரர் பிழைக்கிறார். தெருவில் ஒருத்தர் வீட்டுப் பறவையும் போகவில்லை. இவருடைய பதினொன்றும் சேர்த்து. எல்லாருக்கும் கட்டுபடியாகிற பேரம் என்று ஒன்று உலகத்தில் உண்டென்றால் அது இதுதான். அவர் பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

நாற்பத்தைந்தாம் நாள் மத்தியானம். நல்ல வெயில். சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டிருந்தவரை மனைவி கூப்பிட்டாள். குரலே வேறு மாதிரி இருந்தது.

"ஏங்க, மெதுவா வாங்க. சத்தம் போடாதீங்க."

கூண்டின் மூலையில், மரத்தூளில் பாதி புதைந்து, ஒரு முட்டை. பக்கத்தில் நின்ற பெட்டைக் காடைக்கே அது என்னவென்று புரியாத முகம். அந்தம்மாள் இரண்டு விரலால் அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"சுடச் சுட இருக்கு. நம்ம வீட்டு முட்டைங்க."

அரைவிலை முட்டையைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார்.

"யாராவது பாத்தாங்களா?"

"என்னத்தை?"

"மெதுவாப் பேசு! இன்னைக்குத்தான் முதல் முட்டைன்னா, ஒரு மாசமாக் குடுத்ததெல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பான். பொய் முட்டை குடுத்த வீடுன்னு எழுதிப் பதினொண்ணையும் கூடைல அள்ளிட்டுப் போயிருவான்."

அவள் கூண்டைப் பார்த்தாள். பதினொன்றும் அவளைப் பார்த்துக் கத்தின. "அப்ப இந்த வாரக் கூடைல இதையும் போட்டுருங்க."

"பதிமூணு ஆயிரும். கணக்கு பன்னண்டு."

"பழசுல ஒண்ணை எடுத்துட்டு இதை வைங்களேன்."

"கையில எடுத்ததும் தெரிஞ்சுருமே. அங்க வர்ற எந்த முட்டையும் இவ்வளவு கனமா இருக்காது. இது நிஜ முட்டைன்னு உடனே கண்டுபிடிச்சிருவாங்க."

அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள். சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, முட்டையை ஒரு கரண்டியில் ஏந்தி, சத்தம் வராமல் உள்ளே இறக்கினாள்.

"முட்டை ஓட்டை என்ன செய்யறது?"

"பொடி பண்ணி அதுங்களுக்கே போட்டுரு. தின்னுரும்."

அரைவிலை போய் ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டார். கொக்கி விழுந்த அதே நேரத்தில் தலைக்கு மேலே, மாடி வீட்டு ஜன்னல் படக்கென்று சாத்திக்கொண்டது. அவர் அப்படியே நின்று காது கொடுத்தார். எதிர் வீட்டில் ஒரு ஜன்னல். அதற்கு அடுத்த வீட்டில் இரண்டு. பிறகு ஒவ்வொன்றாக, அந்த வெயிலில், ஒரு இலை அசையாத புழுக்கத்தில், தெருக்கோடி வரைக்கும்.